நடந்தவர்களின் ரத்தம்

திருமூர்த்தி விரலை வைத்தார். ஊசி குத்தியது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருந்த சின்ன விளக்கு சற்று யோசித்தது. பிறகு சிவப்பாக எரிந்தது.

"இந்த வாகனத்தை இயக்க வேறொரு ஓட்டுநர் தேவை" என்றது பஸ், மரியாதையாக.

உள்ளே நிற்க இடமில்லாத கூட்டம். சந்தைக்குக் காய் ஏற்றிக்கொண்டு போகும் வியாபாரி ஒருவர் மட்டும் எட்டிப் பார்த்து, "சிவப்பாங்கண்ணா?" என்று கேட்டார். மற்றவர்கள் கேட்கவில்லை, பார்த்தார்கள். துக்க வீட்டில் நுழைகிறவர்கள் பார்க்கிற பார்வை. திருமூர்த்தி சீட்டின் மேல் போட்டிருந்த துண்டை எடுத்து உதறினார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

பொள்ளாச்சிப் பக்கம் சமவெளியில் ஓடும் பஸ்களுக்கு டிரைவர்கள் இல்லாமல் போய் வருடங்கள் ஆகிவிட்டன. அவை தானே ஓடின, தானே நின்றன. மேல்முடி மலைக்குத்தான் மனிதன் தேவைப்பட்டான். மூடுபனியும் யானையும் இயந்திரத்துக்குப் பிடிபடவில்லை. அடிவாரத்துச் செக்போஸ்ட் வரை பஸ் தானே போகும். அங்கிருந்து மேலே டிரைவர் கையில்.

அப்படி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு டிரைவருக்கு, மூன்று மழைக்காலத்துக்கு முன்னால், கொண்டை ஊசி வளைவில் நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்பியது. பஸ் பள்ளத்தில் இறங்கியது. அதன் பிறகு நடந்த விசாரணைகளின் முடிவில், சிகரம் மலைவழி நிறுவனம் போன ஐப்பசியில் எல்லா வண்டிகளிலும் ஊசியைப் பொருத்தியது. டிப்போவை விட்டுக் கிளம்பும் முன் ஒரு சொட்டு ரத்தம். அடுத்த மூன்று மாதத்தில் இந்த இதயம் தடுமாறுமா என்று அது சொல்லிவிடும். டிரைவர்கள் அதற்குக் 'காணிக்கை' என்று பெயர் வைத்தார்கள். பச்சை விழுந்தால் மலை. சிவப்பு விழுந்தால், ஆயுசுக்கும் ஷெட்டில் பஸ் கழுவலாம்.

தைப்பூசம் முடிந்த அந்த வாரத்தில் சிவப்பு விழுந்த ஐந்தாவது ஆள் திருமூர்த்தி.

டிப்போ டாக்டர் ஜெஸிந்தா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். தூத்துக்குடிக்காரர். அரசு ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் நின்றே கழித்துவிட்டு, உட்கார ஒரு நாற்காலி கிடைக்குமே என்று இந்த வேலைக்கு வந்தவர். நாற்காலி கிடைத்தது. ஓய்வுதான் கிடைக்கவில்லை.

"நெஞ்சுவலி இருக்கா?"

"இல்லீங்க."

"படபடப்பு?"

திருமூர்த்தி மின்விசிறியைப் பார்த்தார். "இல்லீங்க."

நாடி அப்போதைக்கு ஒழுங்காகத்தான் ஓடியது. அதைச் சொன்னார். நாடியை வைத்து ஊசியை மறுக்க முடியாது என்பதையும் சொன்னார். திருமூர்த்தி தலையாட்டினார். எழுந்து போகவில்லை.

"எனக்கு வண்டி போனாப் போகட்டுமுங்க, டாக்டரம்மா. என்ற புள்ளைக்கு இன்னும் ரெண்டு வாரத்துல செலக்சனுங்க. மலை டிரைவர் செலக்சன். அப்பன் சிவப்புன்னா புள்ளைய உள்ளயே உட மாட்டாங்களாமா?"

மாட்டார்கள். நெஞ்சுத் துடிப்புக் கோளாறு ரத்த உறவில் வரலாம் என்பதால், புதிதாகச் சேர வருகிறவரின் அப்பாவோ அம்மாவோ சிவப்பாக இருந்தால் விண்ணப்பம் அப்படியே தள்ளப்படும். வேலையில் சேர்ந்துவிட்டவர்களுக்கு அந்தக் கணக்கு இல்லை. அவரவர் ரத்தம் அவரவர்க்கு. இந்த விதியை டிரைவர்கள் கூட்டத்தில் வாசித்துக் காட்டியதே ஜெஸிந்தாதான். திருமூர்த்தியின் மகள் கனிஷ்கா அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. மேல்முடிப் பாதையில் முதல் பெண் டிரைவர் ஆகப் போகிறவள் என்று எல்லாரும் கேலியும் பெருமையுமாகச் சொல்லிக்கொண்டிருந்த பெண்.

ஜெஸிந்தா அதைச் சொல்வதற்குள் கதவு திறந்தது. கிட்டுச்சாமி. முந்தாநாள் சிவப்பு விழுந்தவர். முள்ளின் மேல் நடப்பதுபோல் ஒவ்வொரு அடியாக வைத்து உள்ளே வந்தார்.

"காலுக்கு ஏதாச்சு மருந்து குடுங்க டாக்டரம்மா. நெஞ்சுதான் போயிருச்சு, காலாவது இருக்கட்டும்."

"கால்ல என்ன?"

"பழனிங்க. நடந்து போனமுங்கல்ல."

"யார் யாரு?"

"சிவப்பு உளுந்த நாங்க அஞ்சு பேருந்தானுங்க, கூட இவரு புள்ளயும். ஒட்டுக்கா போனம். காணிக்கை ஊசி எப்பவும் பச்சையாவே உளோணும்னு ஒரு வேண்டுதலுங்க. முருகன் கேக்கறதுக்குள்ள மிசினு முந்திக்கிச்சு."

ஜெஸிந்தா பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பு வரவில்லை.

இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். இதயம் இழுபட்டால் ரத்தத்தில் ஒரு புரதம் கசியும். சீக்குப் பிடித்த இதயம் எப்போதும் கசியும். ஊசி அதைத்தான் தேடுகிறது. ஆனால் நல்ல இதயத்தையும் வெயிலில் இரவு பகலாக நடக்க விட்டால், அதுவும் களைத்துப்போய்க் கொஞ்ச நாள் கசியும். பிறகு தானாக நின்றுவிடும். இந்த ஊசியைச் செய்தவர்களுக்கு டிரைவர் என்றால் உட்கார்ந்தே இருப்பவன். அவன் அறுபது எழுபது கிலோமீட்டர் வெறுங்காலில் நடப்பான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஊசி வந்த பிறகு இதுதான் முதல் தைப்பூசம்.

கிட்டுச்சாமி தன் காலைக் குனிந்து பார்த்தார். "அப்ப சிவப்பு உளக் கூடாதுன்னு நடந்து, நடந்ததுனால சிவப்பு உளுந்துருக்கு."

"ஆமா."

"இத வெளிய சொல்லாதீங்க டாக்டரம்மா. ஊட்டுல சோறு போட மாட்டா."

திருமூர்த்தி தன் செருப்புக் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

கிளை மேலாளர் தனசேகரை ஒப்புக்கொள்ள வைப்பது சிரமமாகவே இல்லை. அவருக்கு முன்னால் திரையில் மலைப்பாதை வெறிச்சென்று கிடந்தது. மேல்முடியில் பால் வரவில்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை என்று காலையிலிருந்து போன். ஐந்து டிரைவர்களைத் திருப்பிக் கொடுக்க யார் வந்தாலும் அவர் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். நடந்தவர்களின் சிவப்பை ரத்து செய்யுங்கள், இரண்டு வாரம் ஓய்வு கொடுங்கள், அதன் பிறகு மறுபடி ரத்தம் எடுங்கள் என்று ஜெஸிந்தா எழுதிக் கொடுத்தார்.

"நடந்ததுக்கு ஒரு அத்தாட்சி வேணுமே மேடம். நாளைக்கு ஊரே நடந்தேன்னு வந்து நிக்கும்" என்றார் தனசேகர்.

"பாதத்தைப் பார்த்தாத் தெரியும். நான் பார்த்துச் சொல்றேன்."

மத்தியானம் ஐந்து பேரும் கிளினிக்கில் வரிசையாக நின்றார்கள். ஸ்டூலின் மேல் ஒவ்வொருவராகப் பாதத்தைத் தூக்கி வைத்தார்கள். கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து, தார் ஒட்டிய பாதங்கள். ஒரு டாக்டருக்கு முன்னால் காலை நீட்டிக் காட்டுகிற பாக்கியம் எந்தக் கோயிலிலும் கிடைக்காது என்று கிட்டுச்சாமி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். ஜெஸிந்தா மருந்து வைத்துக் கட்டி, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார்.

திருமூர்த்தி மற்றவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டே கடைசியானார். மற்ற நால்வரும் போன பிறகு கதவைச் சாத்தினார். செருப்பைக் கழற்றிப் பாதத்தை வைத்தார்.

குதிகாலில் பழைய பித்தவெடிப்பு. அவ்வளவுதான். ஒரு கீறல் இல்லை.

ஜெஸிந்தா நிமிர்ந்து பார்த்தார்.

"உடுமலை தாண்டலீங்க. நெஞ்சுக்குள்ள மீனு துள்ளற மாதிரி இருந்துச்சு. மொளங்கால் வலின்னு சொல்லிச் சாமான் வேன்ல ஏறிப் படுத்துட்டனுங்க. எனக்குஞ் சேத்தி என்ற புள்ளதான் நடந்தா."

"அப்ப உங்க விஷயத்துல ஊசி பொய் சொல்லல."

"இல்லீங்க."

"தெரிஞ்சே காலையில விரலை வெச்சீங்களா?"

"வெக்காட்டி ஏன்னு கேப்பாங்களேங்க."

வெளியே யாரோ பஸ் கழுவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தகரத்தில் அடிக்கிற சத்தம். திருமூர்த்தி பாதத்தை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு பேசினார். ஸ்டீயரிங்கை இனித் தொடுவதில்லை என்றார். மகளுக்கு ஆர்டர் கைக்கு வந்த மறுநாள் தானே எழுதிக் கொடுத்துவிட்டு விலகிவிடுவதாகச் சொன்னார். அதுவரைக்கும் தன் பெயரில் சிவப்பு இருக்கக் கூடாது. நடந்ததாக எழுதினால் போதும்.

"கனிஷ்காவுக்கும் இந்தக் கோளாறு இருந்தா?" என்றார் ஜெஸிந்தா. "அவளும் ஒருநாள் வளைவுல கண்ணு இருட்டி நின்னா?"

"அவ ரத்தத்தப் பாத்துச் சொல்லட்டுமுங்க. இருந்தா வேண்டாம். என்ற ரத்தத்தப் பாத்து அவளுக்குச் சொல்ல வேண்டாமுங்க."

ஜெஸிந்தா பெயர்ப் பட்டியலைப் பார்த்தார். இருபது வருஷத்தில் எத்தனையோ பொய்ச் சான்றிதழ் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர்கள் எல்லாரும் தங்களுக்காகக் கேட்டார்கள். மாத்திரையாவது கொடுத்து அனுப்பலாம் என்றால் அதுவும் முடியாது. மருந்துப் பெட்டி ஒரு பெயரையும் ஒரு சொட்டு ரத்தத்தையும் வாங்கிக்கொண்டுதான் திறக்கும். அந்த நிமிஷமே பதிவாகிவிடும். வீட்டில் படுத்திருங்கள், மூச்சு முட்டினால் போன் செய்யுங்கள், மாடிப்படி ஏறாதீர்கள் என்று மட்டும் சொன்னார். கையெழுத்துப் போட்டார்.

பேனா மூடியைத் தேடி எடுக்கவே நேரம் ஆனது.

தலைமை அலுவலகத்திலிருந்து மறுநாளே உத்தரவு வந்தது. ஜெஸிந்தா இரண்டு முறை படித்தார். பழனிக்கு நடந்தவர்களின் சிவப்பு ரத்து. இரண்டு வாரத்துக்கு அவர்கள் ஊசி இல்லாமலே வண்டி ஓட்டலாம்.

"நான் ஓய்வுன்னு எழுதியிருந்தேன்" என்றார் தனசேகரிடம்.

"ஓய்வு குடுத்தா மலைக்கு யாரு போறது மேடம்? நீங்கதானே அவங்க நெஞ்சு நல்லா இருக்குன்னு எழுதினீங்க?"

நால்வர் விஷயத்தில் அது உண்மை. ஐந்தாவது ஆளைப் பற்றிச் சொல்ல வாய் திறந்தால் அந்தப் பெண்ணின் விண்ணப்பம் அன்றைக்கே குப்பைக்குப் போகும். ஜெஸிந்தா கிளினிக்குக்குத் திரும்பி வந்து மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

திருமூர்த்தி சமாளித்தார். கால் புண் ஆறவில்லை என்று லீவு போட்டார். வருகைப் பதிவுக்கு டிப்போவுக்கு வரும்போதெல்லாம் இரண்டு பாதத்திலும் துணி சுற்றிக்கொண்டு நொண்டினார். கிட்டுச்சாமி அவரைப் பார்த்து, வேனில் வந்தவனுக்கே இத்தனை புண்ணா என்று கேலி செய்ய ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு யாரிடமும் அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை.

இரண்டு வாரமும் முடியப் போகிற நேரம். செலக்சனுக்குக் கோயமுத்தூர் கிளம்பிய மகளை வழியனுப்ப, அன்று காலை திருமூர்த்தி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். பஸ் நகர்ந்த பிறகுதான் அவள் தண்ணீர் பாட்டிலை மறந்தது தெரிந்தது. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸின் கூடவே ஓடி ஜன்னல் வழியாகக் கொடுத்தார். நொண்ட மறந்துவிட்டார். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த தனசேகர் பார்த்துவிட்டார்.

"கால் ஆறிருச்சே, சந்தோசம். ஒம்பதரை மணி மேல்முடி வண்டிய நீங்க எடுத்துக்கங்க. கிட்டுச்சாமிக்கு இன்னைக்கு மறு ரத்தம் எடுக்கணும். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கு, வண்டி ஊசி கேக்காது."

ஜெஸிந்தா டிப்போவுக்குள் நுழைந்தபோது பஸ் நிரம்பி, கிளம்பத் தயாராக இருந்தது. டிரைவர் சீட்டில் திருமூர்த்தி. அவர் ஜெஸிந்தாவைப் பார்த்தார். உதவி கேட்கிற பார்வை இல்லை. நீங்கள் எதைச் சொன்னாலும் சரி என்கிற பார்வை. அதுதான் தாங்கவில்லை.

ஜெஸிந்தா மருந்துப் பையோடு ஏறி டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். மேல்முடி எஸ்டேட்டில் ஒரு நோயாளியைப் பார்க்க வேண்டும் என்று தனசேகரிடம் ஜன்னல் வழியாகச் சொன்னார்.

பஸ் தானே டிப்போவை விட்டு இறங்கியது. தென்னந்தோப்புகள் பின்னால் ஓடின. திருமூர்த்தி கைகளை முழங்காலின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"செக்போஸ்ட் வரைக்கும் வண்டி உங்க கையில இல்ல" என்றார் ஜெஸிந்தா மெதுவாக. "அதுக்கு மேல ஒரு அடி கூட நீங்க ஓட்டக் கூடாது. இத்தனை பேர் உள்ள இருக்காங்க. அதுக்குள்ள நான் ஏதாவது யோசிக்கிறேன். யோசிக்க முடியலன்னா எழுந்து நின்னு உண்மையைச் சொல்லிடுவேன்."

"சொல்லுங்க டாக்டரம்மா. தப்பா நெனைக்க மாட்டனுங்க."

"கனிஷ்காவுக்கு ரிசல்ட் எப்ப தெரியும்?"

"ரத்தம் எடுத்த ஒடனே சொல்லிருவாங்களாமா. ஆர்டர் நாளைக்குக் காலைலதான் கைக்கு வருமாமுங்க."

நாளைக் காலை வரை. ஜெஸிந்தா யோசித்தார். டயர் பஞ்சர். பிரேக் கோளாறு. எதைச் சொன்னாலும் பஸ்ஸே மறுக்கும். அதற்குத் தன் உடம்பைப் பற்றி எல்லாம் தெரியும். மனிதர்கள் உடம்பைப் பற்றித்தான் பொய் சொல்ல முடியும்.

மலை தெரிய ஆரம்பித்தபோது போன் அடித்தது. திருமூர்த்தி காதில் வைத்தார். மறுபக்கம் பேசியது ஜெஸிந்தாவுக்கே கேட்டது.

"அப்பா, பச்சை. பச்சைப்பா."

"செரி சாமி" என்றார் திருமூர்த்தி. "சாப்புட்டயா?"

போனை வைத்தார். சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்க, நிறம் மட்டும் போனது. நெற்றியில் வியர்வை கோத்தது. இடது கையால் சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார்.

"மீன் துள்ளுதா?" என்றார் ஜெஸிந்தா.

தலையாட்டினார்.

செக்போஸ்ட் வந்தது. பஸ் வேகம் குறைத்து நின்று, வாகனத்தை ஏற்றுக்கொள்ளுமாறு ஓட்டுநரை அழைத்தது. ஜெஸிந்தா எழுந்தார். வாயைப் பொத்திக்கொண்டார். குடலே வெளியே வந்துவிடுவதுபோல் ஓங்கரித்து, படியில் தடுமாறி இறங்கி, ரோட்டோரத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு முடியல. திருமூர்த்தி, கொஞ்சம் பிடிங்க."

அவர் இறங்கி வந்து பிடித்தார். பார்க்கிறவர்களுக்கு டிரைவர் டாக்டரைத் தாங்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது. உண்மையில் யார் யாரைத் தாங்கினார்கள் என்பது இருவருக்கும்தான் தெரியும். ஜெஸிந்தாவின் விரல்கள் அவர் மணிக்கட்டில் இருந்தன. நாடி ஓடியது, நின்றது, இரண்டாகத் துள்ளியது, மறுபடி ஓடியது.

மலை ஏறுவதற்கு முன்னாலேயே வாந்தி எடுக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் காய் வியாபாரி. இன்னொருவர் டிப்போவுக்குப் போன் செய்து, டாக்டரம்மாவுக்கு உடம்பு சரியில்லை, டிரைவர் அவங்களைப் பாத்துக்கிட்டு இருக்காரு, வேற டிரைவரை அனுப்புங்க என்று சொல்லிவிட்டார். கிட்டுச்சாமிக்கு மறு ரத்தத்தில் பச்சை விழுந்துவிட்டதாம். ஜீப்பில் கிளம்பியாயிற்றாம்.

செக்போஸ்ட் காவலர் தன் அறையைத் திறந்துவிட்டார். ஒரு பெஞ்சு, ஒரு மண்பானை, சுவரில் யானைகளின் படம். ஜெஸிந்தா கதவைத் தாழிட்டார். திருமூர்த்தியைப் பெஞ்சில் சாய்த்து உட்கார வைத்தார். பையிலிருந்து மருந்துப் பெட்டியை எடுத்து மடியில் வைத்தார்.

"நோயாளியின் பெயர்?" என்றது பெட்டி.

திருமூர்த்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாமுங்க. நாளைக்கு ஒரு நாள். தாங்கிக்குவனுங்க."

"தாங்க மாட்டீங்க. மூளைக்கு ரத்தக்கட்டி போச்சுன்னா கை கால் விழுந்துடும். அப்புறம் அவ எந்த மலையில பஸ் ஓட்டுவா? உங்களைப் பார்த்துக்கிட்டு வீட்டுல கிடப்பா."

"பேர் பதிஞ்சுருமேங்க."

"பதியட்டும்."

ஜெஸிந்தா பெட்டியின் பக்கம் குனிந்தார். டிரைவர்களின் விரல்ரேகை பஸ்ஸுக்குத்தான் தெரியும். இந்தப் பெட்டி டாக்டர் சொல்வதை நம்பும்படி செய்யப்பட்டது.

"ஜெஸிந்தா" என்றார். வயதையும் சொன்னார்.

திருமூர்த்திக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

"டாக்டரம்மா, உங்க புள்ளைங்களுக்கு..."

"எனக்குப் பின்னால யாருமில்ல. சும்மா விரலை நீட்டுங்க. எனக்கும் அசதியா இருக்கு."

விரலை நீட்டினார். ஊசி குத்தியது. பெட்டி சற்று யோசித்தது. பூட்டு விடுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு அது பேசியது, அறைக்கு வெளியேயும் கேட்கும்படி, கணீரென்று.

"ஜெஸிந்தா அவர்களே, உங்கள் இதயத் துடிப்பில் கோளாறு இருக்கிறது. காலம் தாழ்த்தாமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள்."

வெளியே பேச்சு நின்றது. சிறிது நேரத்துக்குப் பிறகு யாரோ கதவை மெல்லத் தட்டினார்கள். ஜெஸிந்தா கதவை ஒரு கை அளவுக்குத் திறந்தார். காய் வியாபாரி. கையில் உப்புப் போட்ட எலுமிச்சை சோடா. முகத்தில் முன்பிருந்த நக்கல் இல்லை.

"குடிங்கம்மணி. நீங்கதான் எங்களயெல்லாம் பாக்கறீங்க. உங்கள யாரு பாக்கறாங்க?"

ஜெஸிந்தா வாங்கிக்கொண்டார். கதவைச் சாத்தினார். உள்ளங்கையில் மாத்திரைகளையும் சோடாவையும் திருமூர்த்தியிடம் நீட்டினார்.

"சோடாவுல பாதி எனக்கு வைங்க" என்றார்.